மில் ஓடும்வரை தூங்கியவருக்கு

அண்ணே,

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு தூக்கு நிறைய அரிசி மாவு இருக்கிறது. அதற்கு மேல் பாத்திரம் இல்லாமல், மிச்சத்தை ஊறுகாய் ஜாடியில் கொட்டி வைத்திருக்கிறேன். சூடாக அரைத்த மாவின் வாசனை வாசல்வரை அடிக்கிறது. "ஒரு மாசத்துக்கு இடியாப்பமும் கொழுக்கட்டையும்தான், யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்று என் மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். இந்த மாவுக்குக் காரணம் நீங்கள்தான். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

ஸ்ரீரங்கத்தில் மாவு மில் நடத்தும் எனக்கு ஒரு கப்பல்காரர் சிநேகிதராவார் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நான் பார்த்த கடல் ராமேஸ்வரத்தில், முழங்கால் அளவு. அதிலேயே ஒரு செருப்பை அலைக்குக் கொடுத்துவிட்டு வந்தவன்.

நீங்கள் முதன்முதலாக மிளகாய், மல்லி டின்னோடு வந்த மதியம் நினைவிருக்கிறது. மில்லில் நிற்கிறவர்கள் காதைப் பொத்துவார்கள், தும்முவார்கள், என்னைத் திட்டுவார்கள். நீங்கள் மட்டும் ஓரத்து நீல நாற்காலியில் சாய்ந்து குறட்டை விட்டீர்கள். குறட்டைச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை, வாய் திறந்திருந்ததை வைத்துச் சொல்கிறேன். திடீரென்று கரண்ட் போனது. மில் நின்றது. நீங்கள் பாய்ந்து எழுந்து, நேராக மோட்டாரிடம் ஓடி, புறங்கையை அதன் மேல் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, "ஜெனரேட்டர் ஏன் எடுக்கல?" என்று என்னை அதட்டினீர்கள். டின்னோடு நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

"மன்னிச்சுக்கங்க தம்பி" என்றீர்கள், வெட்கத்தோடு. "முப்பது வருஷத்துக்கு மேல கப்பல் என்ஜின் ரூம்ல இருந்தவன். சத்தம் ஓடற வரைக்கும் தூங்குவேன். நின்னா முழிச்சுக்குவேன். ரிட்டயர் ஆனதுலேர்ந்து வீட்டுல சரியாத் தூக்கமே இல்ல. அவ்வளவு அமைதி."

மறுநாளும் வந்தீர்கள், டின் இல்லாமல்.

அம்மா மண்டபம் பக்கம் ஃப்ளாட் வாங்கியதற்கு நீங்கள் சொன்ன காரணம் எனக்குப் பிடிக்கும். "ஆறுன்னா ஒரே பக்கமாப் போகும், நம்பலாம்." ஞாயிறு காலை பாலம் தாண்டிச் சர்ச்சுக்கு, மற்ற நாள் மதியமெல்லாம் என் மில்லுக்கு. கூட்டம் இல்லாத நேரத்தில் நான் கேட்பேன், நீங்கள் சொல்வீர்கள். என்ஜின் ரூம் தரை துடைக்கிற வேலையில் சேர்ந்து, எண்ணெய் போடுகிறவராகி, என்ஜினைக் கவனிக்கிற மோட்டார்மேனாகக் கரை இறங்கியவர் நீங்கள். புயலில் வாந்தி வராதா என்று கேட்டேன். "வரும். பக்கெட்ட இடுப்புல கட்டிக்கிட்டு வேலை பாப்போம். வாந்தி வருதுன்னு கப்பல் நிக்குமா?" லீவில் வீட்டுக்கு வந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். "முதல்ல விருந்தாளி. அப்புறம் மேல ஏறி உக்காந்த அதிகாரி. பிள்ளைங்க 'அப்பா'ன்னு இயல்பா கூப்பிடற நேரம் பெட்டியக் கட்டணும்."

ஒருநாள் நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தீர்கள். முனையைப் பேரிங் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டி, டாக்டர் மாதிரிக் கண்ணை மூடிக் கேட்டீர்கள். "இது ஒரு வாரம் தாங்கும்" என்றீர்கள். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன் என்றாலும் மில்லைப் பற்றி எனக்குச் சொல்ல இன்னொருவரா என்று இருந்துவிட்டேன். சரியாக ஐந்தாம் நாள், பொங்கலுக்கு முன் கூட்டம் வாசல்வரை நிற்கும்போது, பேரிங் போய்விட்டது. அன்று நான் வாங்கிய திட்டுகளில் சிலவற்றுக்கு இன்றுவரை எனக்கு அர்த்தம் தெரியாது. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு உடன் உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தீர்கள்.

அந்த வருடம்தான் என் மகள் நித்யா என் தலையில் இடியைப் போட்டாள். துவாக்குடிப் பக்கம் ஏதாவது கம்பெனியில் வேலைக்குச் சேர்வாள், டவுன் பஸ்ஸில் போய் வருவாள் என்று நான் கணக்குப் போட்டிருக்க, படித்த மெரைன் என்ஜினியரிங்குக்குக் கப்பலில்தான் பயிற்சி என்று ஃபாரத்தை நீட்டினாள். அந்தப் படிப்பில் சேர்த்தபோது கப்பல் கரையில்தான் நிற்கும் என்று நினைத்திருந்தேனோ என்னவோ.

உங்களிடம் ரகசியமாகக் கெஞ்சினேன். "அண்ணே, சாப்பாடு எடுத்துக்கிட்டு பாப்பா வரும். ரெண்டு புயல் கதை சொல்லுங்க. நல்லாப் பயங்கரமா. அதுவே வேணாம்னுடும்."

நீங்கள் சொன்னீர்கள். கப்பல் சாய்ந்த சாய்வில் மனிதர்கள் சுவரில் நடந்ததை, எல்லா அலாரமும் ஒன்றாக அடித்ததை. நான் பிசைந்த சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டேன். நித்யா முன்னால் நகர்ந்து உட்கார்ந்து கேட்டாள். "அவ்வளவு சாஞ்சா ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கிடுமே அங்கிள், பம்ப் காத்த இழுக்காதா?"

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். "தம்பி, பயமுறுத்தச் சொன்னீங்க, பயந்தாச்சு. ஆனா வேற ஆளு பயந்துட்டாரு."

அவள் போன பிறகு, உண்மையில் கேட்க வேண்டியதைக் கேட்டேன். இருபது ஆம்பளைகளுக்கு நடுவில் ஒரு பெண் பிள்ளை இருக்க முடியுமா? நீங்கள் சட்டென்று தைரியம் சொல்லிவிடவில்லை. "என் காலத்துல பொம்பளைங்க கிடையாது. தெரியாதத தெரிஞ்ச மாதிரிச் சொல்ல மாட்டேன். விசாரிக்கறேன், இருங்க." ஒரு வாரம் பழைய ஆட்களுக்கெல்லாம் போன் போட்டு, கப்பலில் என்ஜினியராக இருக்கும் ஒரு பெண்ணைக் கண்டுபிடித்து, என் மனைவியோடும் நித்யாவோடும் பேச வைத்தீர்கள். அந்தப் பெண் நல்லது கெட்டது இரண்டையும் மறைக்காமல் சொன்னது. எது நடந்தால் யாரிடம் போக வேண்டும் என்பதையும் சொன்னது. அந்தப் போனை வைத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

நித்யா கப்பல் ஏறியதும் நான் ஒரு புது வியாதியை வாங்கிக்கொண்டேன். கப்பல் இருக்கும் இடத்தைப் போனில் ஒரு புள்ளியாகக் காட்டுமே, அது. மிளகாய் அரைக்கும்போதும் ஒரு கண் அந்தப் புள்ளியில். இரண்டாம் மாதம் புள்ளி நடுக்கடலில் நின்றுவிட்டது. ஒரு நாள், இரண்டு நாள், அசையவில்லை. மகளிடமிருந்தும் செய்தி இல்லை. மூன்றாம் நாள் மில்லைத் திறந்து போட்டுவிட்டு, ஜோடி மாறிய செருப்பை மாட்டிக்கொண்டு, உங்கள் ஃப்ளாட்டுக்கு ஓடி வந்தேன்.

"கப்பல் நின்னுடுச்சுண்ணே!"

போனை வாங்கிப் பார்த்தீர்கள். "கரையில இருக்கற கருவிக்கு எட்டற தூரம் வரைக்கும்தான் இது நகரும் தம்பி. தாண்டிட்டா, கடைசியாப் பாத்த இடத்துலயே காட்டிக்கிட்டு இருக்கும். நின்னது புள்ளி. கப்பல் போய்க்கிட்டுத்தான் இருக்கு." நான் நம்பாமல் நின்றேன். ஜன்னல் பக்கம் கையைக் காட்டினீர்கள். "உங்க மில்லு சத்தம் இங்க கேக்குதா? கேக்கல. அதனால மில்லு நின்னு போச்சுன்னு அர்த்தமா?"

"இப்ப நெசமாவே நின்னுதாண்ணே இருக்கு. பூட்டாம ஓடி வந்துட்டேன்" என்றேன். அன்று நீங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஃப்ளாட் கதவு திறந்தது. ஆறாம் நாள் செய்தி வந்தது. நல்லா இருக்கேன், நெட் இல்லை, என்ன சாப்பிட்டீங்க என்று.

அதற்கடுத்த மாதம் ஒரு மதியம் நீங்கள் வரவில்லை. வீட்டில் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள் என்று ஒருவர் வந்து சொன்னார். சர்ச்சில் எப்போது எழுந்திருப்பது, எப்போது உட்காருவது என்று தெரியாமல் முன்னால் இருந்தவரைப் பார்த்துச் செய்துகொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் அவர் எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர், நெற்றியில் திருமண். அவர் யாரைப் பார்த்துச் செய்தாரோ. நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள் என்று நினைத்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

அதன் பிறகு புள்ளி இன்னொரு முறை நின்றது, முன்னைவிட அதிக நாள். ஓடி வர இடம் இல்லை. அழுதுகொண்டிருந்த மனைவியிடம், நம் மில் சத்தம் அம்மா மண்டபத்துக்குக் கேட்குமா என்று ஆரம்பித்தேன். "அந்த அண்ணன் சொன்னத உங்க சொந்தச் சரக்கு மாதிரி விக்கறீங்களே" என்றாள். ஆனாலும் அழுகை நின்றது. யார் சரக்காக இருந்தால் என்ன, வேலை செய்தது.

போன வாரம் நித்யா வந்துவிட்டாள் அண்ணே. கறுத்து, மெலிந்து, கையில் ஒரு சின்னத் தீக்காயத்தோடு, முழுசாக வந்துவிட்டாள். ஏர்போர்ட்டில் அவளைப் பார்த்ததும், இத்தனை மாதமாக அடக்கி வைத்திருந்த மூச்சு மொத்தமும் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. பெட்டியைத் தூக்குகிறேன் பேர்வழி என்று வேறு யாருடைய பெட்டியையோ தூக்கிக்கொண்டு நடந்தேன்.

ஆனால் வீட்டில் தூக்கம் பிடிக்கவில்லை அவளுக்கு. "ரொம்ப அமைதியா இருக்குப்பா" என்றாள். நேற்று மதியம் எனக்குச் சாப்பாடு கொண்டு வந்தவள், உங்கள் நீல நாற்காலியில் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது.

கடைசி டின்னும் அரைத்து முடிந்தது. வாசலில் ஆள் இல்லை. சுவிட்ச் வரைக்கும் போன கை அங்கேயே நின்றுவிட்டது. மில்லைச் சும்மா ஓட்டினால் கல் தேயும். அதனால் வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த பச்சரிசியைக் கொட்டினேன். அது தீர்ந்ததும் மளிகைக்கடையிலிருந்து இன்னும் வாங்கி வரச் சொல்லிக் கொட்டினேன். அதுதான் அண்ணே, இந்த மாவு.

அரிசி ஓடிக்கொண்டிருக்கும்போது, உங்கள் வீட்டில் எனக்குக் கொடுத்தனுப்பிய அந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பேரிங்கில் ஊன்றிக் காதில் வைத்தேன். இப்போது தினமும் வைக்கிறேன். நீங்கள் கேட்டதெல்லாம் எனக்குக் கேட்காது. சீராக ஓடுகிறதா என்பது மட்டும் தெரியும். ஓடியது.

கடைசியில் நிறுத்தினேன். அவள் துள்ளி எழுந்து, நேராக மோட்டாரிடம் போய், புறங்கையை வைத்தாள்.

"என்னாச்சுப்பா?"

"ஒண்ணும் ஆகலம்மா. நான்தான் நிறுத்தினேன். வா, வீட்டுக்குப் போகலாம்."