லேபிள் அழிந்த கேசட்டுகள்

திருவொற்றியூர்
9-11-2025

அன்பு மகள் மகிழினிக்கு நைனா எழுதிக்கொள்வது. இங்கே நான் நடமாடிக்கொண்டு இருக்கிறேன், சுகர் அடங்கித்தான் இருக்கிறது, இடது கண் ஆபரேஷன் ஆனதில் இருந்து பேப்பரும் படிக்க முடிகிறது. அங்கே நீயும் மாப்பிள்ளை பிரகாஷும் பேரப்பிள்ளை அறிவும் அந்த அயர்லாந்துக் குளிரில் சளி ஜுரம் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும், எனக்கு எந்நேரமும் அதே நினைப்பு. வாரத்துக்கு ரெண்டு தடவை வீடியோவில் முகம் பார்க்கிறோமே, அப்புறம் இந்தக் கிழவன் எதுக்குப் பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்தான் என்று யோசிப்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அதுதான் நிஜம். மூன்று ஞாயிற்றுக்கிழமை சொல்ல வாயெடுத்து, மூன்று தடவையும் மழையைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிட்டேன். இது உன் அம்மா குப்பம்மா செத்துப்போன சாயங்காலத்தைப் பற்றிய விஷயம். முப்பத்திநாலு வருஷமாக நான் உன்னிடம் சொல்லிக்கொண்டு வந்ததில் ஒரு பொய் இருக்கிறது. அது வேறு ஆள் வாயிலிருந்து உன் காதுக்கு வருவதற்குள் என் கையால் எழுதி அனுப்பிவிட வேண்டும். ஆஸ்பத்திரி ட்யூட்டிக்குக் கிளம்புகிற அவசரத்தில் இதைப் பிரிக்காதே, லீவு நாளில் சாப்பிட்டு முடித்துவிட்டுப் படி.

மற்ற சங்கதிகளை முதலில் முடித்துவிடுகிறேன். உன் அத்தை ரமாபாய்க்கு முட்டிவலி அதிகமாகி வியாசர்பாடி வீட்டில் மாடி இறங்குவதே இல்லை, உன்னை வளர்த்த கை, நீ மாதம் ஒரு தடவையாவது அதுக்குத் தனியாகப் போன் போட வேண்டும். பக்கத்து வீட்டு அலி அக்பர் பாய் போன மாதம் தவறிவிட்டார், தையல் மெஷினை மகன் எடைக்குப் போட்டுவிட்டான். எண்ணூர் பக்கமிருந்து காற்று அடிக்கிற நாளில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை, கண் எரிகிறது, யாரிடம் போய்ச் சொல்வது. ரெண்டு வருஷம் முன்னால் வெள்ளம் வீட்டுக்குள் வந்ததே, அப்போது அலமாரி அடித்தட்டில் இருந்த கேசட்டெல்லாம் தண்ணீரில் ஊறியதும், நீ தூக்கிப் போடு நைனா என்று திட்டியதும் ஞாபகம் இருக்கும். நான் போடவில்லை. கருவாடு காயவைக்கிற மாதிரி மொட்டைமாடியில் பரப்பி ஒவ்வொன்றாகக் காயவைத்தேன். டேப் தப்பித்தது, மேலே நான் ஒட்டி எழுதியிருந்த லேபிள் மட்டும் ஒன்றுகூட மிஞ்சவில்லை, எல்லாம் நீலக் கறையாகிவிட்டது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

வேதநாயகி விஷயம் உனக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் பின்னால் வருவது விளங்கும். சினிமாவிலும் பாடாமல், சொந்தமாகக் கேசட்டும் போடாமல், டிவியில் வியாழக்கிழமை ஏழரை மணி மெல்லிசையில் மட்டும் எப்போதாவது வந்து போன அம்மா அது. நம்ம தேரடிக்குப் பக்கத்தில் பிறந்தவர் என்பதால் எனக்கு முதலில் பெருமை, அப்புறம் அது பைத்தியமாகவே ஆகிவிட்டது. வீடியோ மெஷின் வாங்க நமக்கு ஏது வக்கு. டிவிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரை வைத்து, காற்றில் வருகிற பாட்டைப் பிடிப்பேன். எந்த வாரம் அந்தம்மா வரும் என்று முன்கூட்டித் தெரியாததால் ஒவ்வொரு வியாழக்கிழமையும் ரெண்டு பட்டன்மேலும் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஏழேகாலுக்கே ஃபேனை நிறுத்திவிடுவேன், அடுப்பில் குக்கர் இருந்தால் இறக்கச் சொல்வேன், பாட்டு முடிந்து நான் பட்டனைத் தட்டுகிற வரைக்கும் வீட்டில் ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது. உன் அம்மா சிரிப்பாள், உன் ரெண்டாவது பொண்டாட்டி வர்ற நேரமாச்சு, நான் அடுப்பாண்ட போய்க் குந்திக்கிறேன் என்பாள். கேலி செய்வாளே தவிர அந்தச் சட்டத்தை ஒரு நாளும் மீறினதில்லை.

புரட்டாசி மாதம் ராயபுரத்தில் இருந்து லியோனார்ட் என்று ஒருத்தன் என்னைத் தேடிக்கொண்டு வந்தான். ஹார்பரில் சரக்கு எண்ணிக் கணக்கெழுதுகிற டேலி கிளார்க், ஐம்பது வயது இருக்கும், என்னைவிடப் பெரிய வேதநாயகிப் பைத்தியம். அந்தம்மா பாட்டுக்கென்றே ஒரு யூடியூப் சேனல் ஆரம்பித்து, போட ஒரு பாட்டுகூடக் கிடைக்காமல் வெறும் போட்டோக்களாகப் போட்டுக்கொண்டு இருக்கிறான். லைப்ரரியில் பழைய பேப்பர் புரட்டி, டிவியில் அந்தம்மா பாடியது மொத்தம் பதினோரு தடவை என்று தேதியோடு நோட்டில் எழுதி வைத்திருந்தான். டிவிக்காரர்களிடமும் அந்தப் பதிவுகள் இல்லையாம். டேப் ரெக்கார்டர் ரிப்பேர் கடையில் என் பேரைச் சொல்லியிருக்கிறார்கள். என் கேசட்டுகளைப் பார்த்ததும் அவன் கண் கலங்கிவிட்டது, எனக்கும் சந்தோஷம்தான், என் பைத்தியத்துக்கும் ஒரு மரியாதை வந்ததே என்று. ஆனால் லேபிள் இல்லாமல் எது எந்தத் தேதி என்று எப்படிச் சொல்வது. பேப்பரில் பாட்டின் முதல் அடியெல்லாம் போட மாட்டார்கள். அதனால் பாட்டை விட்டுவிட்டு, பாட்டுக்குப் பின்னால் கேட்கிற நம்ம வீட்டை வைத்துக் கண்டுபிடித்தோம். ஒன்றில் அலி அக்பர் பாய் தையல் மெஷின் நிற்காமல் ஓடுகிறது, அவர் அந்த நேரத்துக்கு மெஷினில் உட்காருவது ரம்ஜானுக்கு முந்தின வாரம் மட்டும்தான், நோட்டில் பார்த்தால் அப்படி ஒரே தேதி. இன்னொன்றில் பக்கத்துக் கம்பெனியின் ஏழரை மணிச் சங்கு, கம்பெனி மூடினது எண்பத்தொன்பதில், ஆக அது அதற்கு முந்தையது. மற்றதுக்கெல்லாம் உன் சத்தம்தான். ஒரு கேசட்டில் கைக்குழந்தையாக வீறிடுகிறாய், அடுத்ததில் மழலையாக ஏதோ சொல்கிறாய், அப்புறம் ஒன்றில் அந்தம்மா கூடவே ஆ ஆ என்று இழுக்கிறாய், லியோனார்ட் விழுந்து விழுந்து சிரித்தான். நாலு வயதுக்கு அப்புறம் எந்தக் கேசட்டிலும் உன் சத்தமே இல்லை. நான் உதட்டில் விரலை வைத்தால் போதும், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாய். இன்னா டிசிப்ளின் அண்ணே என்று லியோனார்ட் மெச்சினான். அப்போது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இப்படி நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்ததில் பத்துத் தேதி பொருந்திவிட்டது. மிச்சம் ஒன்று, 17 அக்டோபர் 1991, வியாழக்கிழமை. அவன் அந்தத் தேதியைப் படித்ததும் நோட்டை அவன் கையிலிருந்து வாங்கி மூடினேன். அன்றைக்குக் கரண்ட் இல்லை, பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அவன் நம்பினான், ஆனாலும் மிச்சமிருந்த கேசட்டுகளை விடாமல் ஒவ்வொன்றாகப் போட்டு, லாப்டாப்பில் ஏற்றிக்கொண்டே கேட்டான். மூடி உடைந்து ரப்பர் பேண்டு போட்டிருந்த ஒன்றை எடுத்தபோது அது எது என்று எனக்குத் தெரியும், கையைப் பிடித்துத் தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை. குப்பையில் போடவும் கை வராமல், போட்டுக் கேட்கவும் கை வராமல் இத்தனை வருஷம் வைத்திருந்தது அது. முதலில் அப்போது இருந்த ஓட்டுக்கூரைமேல் மழை. அப்புறம் டிவியில் அறிவிக்கிற பெண் வேதநாயகி பேரைச் சொல்கிறது. லியோனார்ட் எழுந்து கைதட்டினான், பதினொண்ணு அண்ணே, பதினொண்ணும் வந்துடுச்சு என்று கத்தி, உடனே போனை எடுத்து அவன் குரூப்பில் செய்தி போட்டுவிட்டான். பல்லவி முடிகிற இடத்தில் உன் அம்மா குரல் வந்தது.

மகிழினி, உனக்கும் ஊருக்கும் நான் என்ன சொல்லியிருக்கிறேன். குப்பம்மா யாரையும் கூப்பிடவில்லை, ஒரு சத்தம் போடவில்லை, நான் அடுப்பங்கரைக்குப் போனபோது முடிந்துபோயிருந்தது என்று. நல்ல சாவு என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். அவள் ஒரு தடவை கூப்பிட்டது எனக்கு அன்றைக்கே தெரியும். சோறு ஆறிப்போகிறது என்று கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன், அந்தம்மா எட்டு மாதம் கழித்து டிவியில் வந்திருக்கிறது, எழுந்தால் நாற்காலி சத்தம் பதிவாகிவிடும் என்று உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு தடவையை மறைக்கத்தான் அந்தப் பொய். ஒரு தடவைதானே, யாருக்கும் இப்படி ஆகும்தானே என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லி அதோடு குடும்பம் நடத்திவிட்டேன். கேசட்டில் மூன்று தடவை இருக்கிறது. மகிழி நைனா, கொஞ்சம் வாயேன் என்கிறாள் முதலில். கத்தவில்லை, பதிவு கெட்டுவிடக் கூடாது என்று ரகசியம் பேசுகிற மாதிரி கூப்பிடுகிறாள். நெஞ்சு வலிக்கிற நேரத்திலும் என் சட்டத்தை மதித்திருக்கிறாள். ரெண்டாவது தடவை மகிழி நைனா என்பதோடு நிற்கிறது, மூச்சு வாங்குகிறது. மூன்றாவது பேச்சே இல்லை, சொம்பு உருளுகிற சத்தம். உன் பிரசவத்திலேயே அவளுக்கு இதயத்தில் வால்வு சரியில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார், மூச்சு வாங்கினால் உடனே கூட்டிவா என்று என்னிடம்தான் சொன்னார். லியோனார்ட் மெஷினை நிறுத்தப் போனான். ஓடட்டும் என்றேன்.

இனி வருவதுதான் நீ தெரிந்துகொள்ள வேண்டியது. ஒன்பது வருஷம் முன்னால் உன்னை அயர்லாந்துக்கு வழியனுப்ப ஏர்போர்ட் வந்தபோது நீ என்னை ஓரமாகக் கூட்டிப் போய், நைனா, அன்னிக்கு அம்மா கீழ விழுந்ததை நான் பாத்தேன், பயந்துகினு உன்கிட்ட சொல்லாம கம்முனு குந்திகினு இருந்தேன், சொல்லியிருந்தா அம்மா பொழச்சிருக்கும் என்று அழுதாய். நர்ஸ் படிப்புக்குப் போனதே அதனால்தான் என்றும் சொன்னாய். ஆறு வயதுப் பிள்ளை இத்தனை காலம் அதைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறதே என்று என் நெஞ்சு பதறியது உண்மை. ஆனால் நான் என்ன செய்தேன், உன் தலையைத் தடவி, விடு கண்ணு, சின்னப் புள்ள, உனுக்கு அப்ப இன்னா தெரியும் என்று பெரிய மனுஷனாட்டம் மன்னித்தேன். மன்னித்து அனுப்பிவிட்டு மின்சார ரயிலில் உட்கார்ந்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கினேன்.

சொம்பு உருண்ட சத்தத்துக்கு அப்புறம் கேசட்டில் சின்னக் கால் ஓடி வருகிறது. நைனா, அம்மா கீழ பட்த்துகினு கீது, ஏந்திரிக்க மாட்டேங்குது. அப்படியே வார்த்தை வார்த்தையாக இருக்கிறது, மழைக்கும் பாட்டுக்கும் நடுவில் திக்காமல் சொல்கிறாய். உடனே என் குரல் வருகிறது, உஸ்ஸ், ரெக்கார்டிங் ஓடுது, கம்முனு குந்து என்று. அதோடு நீ ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சொன்னால் கேட்கிற பிள்ளை. அதற்கு மேல் அந்தப் பாட்டு இன்னும் மூன்று நிமிஷம் நாற்பது செகண்டு ஓடுகிறது, லியோனார்டின் லாப்டாப்பில் நேரம் தெரிகிறது. பாட்டு முழுசாக முடிந்து, டக்கென்று நான் பட்டனைத் தட்டுகிற சத்தமும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கொஞ்சம் முன்னால கொண்டாந்திருக்கக் கூடாதா என்று கேட்டதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீ நர்ஸ், அந்த நேரத்துக்கு என்ன அர்த்தம் என்று என்னைவிட உனக்குத் தெரியும். நீ வந்து சொன்னது எனக்கு நிஜமாகவே மறந்துபோயிருந்ததா, மறந்த மாதிரி வைத்துக்கொண்டேனா என்று மூன்று வாரமாக யோசிக்கிறேன். மறந்தேன் என்று எழுதினால் அதுவும் பொய்யாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

லியோனார்ட் நல்லவன். ஆனாலும் குரூப்பில் செய்தி போட்டுவிட்டதால் பாட்டு எப்போ வரும் என்று ஆளாளுக்குக் கேட்டு அவனைக் குடைகிறார்களாம். இப்போது கம்ப்யூட்டரில் ஒரு வசதி வந்திருக்கு அண்ணே, பின்னாடி பேசுற குரலெல்லாம் எடுத்துட்டுப் பாட்டை மட்டும் சுத்தமா தர முடியும், அந்தம்மா பாடினதிலேயே இதுதான் உசத்தி, அழிஞ்சிடக் கூடாது என்றான். அவன் தப்பாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் ஆத்திரம் வந்து சட்டையைப் பிடிக்கப் போய்விட்டேன். உன் அம்மா, நீ, உங்கள் ரெண்டு பேர் வாயையும் நான் ஒரு தடவை அடைத்தது போதாதா, இன்னொரு தடவை மெஷினை வைத்து அடைக்க வேண்டுமா. அவனிடம் இருந்ததை என் கண் முன்னால் அழிக்கச் சொன்னேன், அழித்தான். கேசட் இப்போது என்னிடம் இருக்கிறது, அது உன்னுடையது. அந்தம்மா பாட்டு உலகத்துக்குப் போக வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் கொடு, கொளுத்து என்றால் கொளுத்துகிறேன், நீ கேட்க வேண்டும் என்றால் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன். ஆனால் தனியாக இருக்கும்போது கேட்காதே, மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கட்டும். எனக்கு வேதநாயகி பாட்டு இனி வேண்டாம், அந்தப் பத்தையும் லியோனார்டிடமே கொடுத்துவிட்டேன்.

மன்னிப்புக் கேட்டு நான் எழுதப் போவதில்லை, கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், உன் மனசு எனக்குத் தெரியும். நீ கோபப்பட்டுப் பேசாமல் இருந்தாலும் சரிதான், பேரனை மட்டும் எப்போதாவது காட்டு. அத்தையிடம் இதை நானே நேரில் போய்ச் சொல்லிவிடுகிறேன், நீ சொல்ல வேண்டாம். நீயும் உன் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருஷம் நல்லா இருக்கணும், குப்பம்மாவுக்குக் கிடைக்காத ஆயுசும் சேர்ந்து உனக்கு வரணும். வேளைக்குச் சாப்பிடு, ட்யூட்டி முடிந்து வரும்போது குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வா. அறிவு உன்னைக் கூப்பிட்டால் கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு எழுந்து போ. இன்னொன்றையும் மறக்காதே, நீ பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை, ஓடி வந்தாய், சொன்னாய்.

இப்படிக்கு,
நீ சொல்லியும் எழுந்து வராத உன் நைனா
கு. சுப்பராயன்