யாருடைய எச்சில்?

ஜூன் 4

தங்கச்சிக்கு,

உன் ஆய்வுக்கூடத்துக் குழாய் வந்தது. துப்பி அனுப்பு என்கிறாய். இவ்வளவு மரியாதையாக என்னிடம் யாரும் எச்சில் கேட்டதில்லை. இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

குடல் பழையபடிதான். மருந்து தின்றால் மூன்று மாதம் சமாதானம், அப்புறம் வீங்கிக்கொண்டு ரகளை. வீட்டில் எனக்கென்று ஒரு கழிவறையே ஒதுக்கிவிட்டார்கள். செய்தித்தாளும் அங்கேயே வந்துவிடுகிறது.

குடலில் காவல்காரன் என்று என்னவோ எழுதியிருந்தாயே, மெதுவாகச் சொல்லு.

மகளுக்குப் பரீட்சை. அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பயம்தான், வேறென்ன.

உன் வயிற்றெரிச்சல் அண்ணன்

ஜூலை 2

அண்ணா,

அவன் பெயர் ஏற்பி. செல்லுக்குள் உட்கார்ந்து, கிருமியின் சுவரிலிருந்து உதிரும் துணுக்கை மோப்பம் பிடிப்பான். பிறவியிலேயே அவனிடம் பழுதென்றால் கிருமி நுழைவது உடனே தெரியாது. தெரிந்தபின் தெருவே தடியோடு ஓடிவந்து, திருடனை விட்டுவிட்டு வீட்டை நொறுக்கும். உன் வீக்கம் அதுதானோ என்று சந்தேகம்.

ஆனால் உன் எச்சிலில் பழுதே இல்லை. எனக்கு இருக்கிறது, நோய்தான் இல்லை; பழுதிருந்தால் நோய் வந்தே தீரும் என்றில்லை. இருவர் மரபணுவையும் ஒப்பிட்டேன். நமக்குள் எந்த உறவும் இல்லை என்று வந்தது. அம்மாவிடம் பூசி மெழுகிக் கேட்டேன். மூன்று நாள் போனை எடுக்கவில்லை. நாலாம் நாள், "பெத்தவளுக்குத் தெரியாதா? அது யாரு எச்சில்னு முதல்ல அந்தப் பயலைக் கேளு" என்று வைத்துவிட்டாள்.

யாருடையது?

தங்கச்சி

ஜூலை 11

தங்கச்சிக்கு,

என் மச்சானுடையது. கல்லைத் தின்றாலும் செரிக்கிற ஆள். ஏதோ போட்டி என்று சொல்லித் துப்பவைத்தேன். பரிசு எங்கே என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான். அம்மாவின் காலில் போனிலேயே விழுந்துவிட்டேன்.

ஏன் என்று நீ கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பரீட்சை முடிந்து மூன்று வாரம். மகள் இன்னும் சரியாகச் சாப்பிடவில்லை. என் கழிவறையில் இப்போது அவள். கதவுக்கு வெளியே நான், நடந்துகொண்டே இருக்கிறேன். நேற்று உள்ளிருந்து, "அப்பா, உங்களுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுதா?" என்றாள். மழை வரும்போல இருக்கிறது என்றேன்.

என்னிடம் பழுதில்லை என்று ஒரு காகிதம் வந்துவிட்டால், அவளிடமும் இருக்காது என்று நினைத்துவிட்டேன். காகிதத்தை ஏமாற்றினால் குடல் ஏமாறுமா?

திங்கட்கிழமை டாக்டரிடம் போகிறோம். நீ மறுபடி அனுப்பிய இரண்டு குழாயும் இந்தப் பெட்டியில். நீல மூடி நான். சிவப்பு மூடி உன் மருமகள். அவளே கேட்டு வாங்கித் துப்பினாள்.

பதிலை எனக்கு எழுதாதே. அவளுக்கு எழுது. எனக்கு அவள் படித்துச் சொல்வாள்.

உன் சொந்த அண்ணன்