கப் வந்தால் ஒரு தேங்காய்

17 ஜூலை, வியாழன்

காலையிலிருந்தே புழுக்கம். துவைத்த துணி காயவில்லை. யாழிக்கு அந்தப் பச்சை ஜெர்சிதான் வேண்டுமாம், ஈரமாக இருந்தாலும். ஐந்து வயதுக்கு இத்தனை பிடிவாதம் யாரிடமிருந்து?

வாங்க: இருமல் மருந்து, காய்ந்த மிளகாய், சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி.

சாயங்காலம் இவரோடு பந்தாட்டம் பார்க்கப் போகும் கூட்டம் நம் வாசலில். எல்லாருக்கும் பால் சேர்க்காத தே ஓ. நம் ஊர் சுங்கை லாலாங் அணியின் கடைசி ஆட்டம் ஞாயிறு மதியம், பண்டார் பாருவில். இந்த வருடம் நம் திடலில் தண்ணீர் நின்று எல்லா ஆட்டமும் வெளியூர். சந்திரன் அண்ணன் வேனில் போய், யாழி தூங்கிய பிறகுதான் திரும்புவார்கள். ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. கடைசி இடம் உறுதி. இனி எதற்குப் போவது என்று பட்டிமன்றம்.

சந்திரன் அண்ணன்: "தோக்கறதப் பாக்க அவ்ளோ தூரமா? வீட்ல படுத்துக்கிட்டு டிவில இங்லீஷ் டீம் பாத்தா மனசுக்காச்சும் நல்லாருக்கும்லா."

சாப்பாட்டுக் கடை காசிம் பாய் விடவில்லை. "அந்த டீமு ஜெயிச்சா ஒனக்கு எவன்ணே வந்து கை குடுக்கப் போறான்? நம்ம கோல்கீப்பரு காலையில எங்கடையிலதான் ரொட்டி சானாய் சாப்பிடறான். நான் போகாம இருந்துட்டு அவன் மொகத்த எப்படிப் பாக்கறது?"

"அந்த ரொட்டிய நிறுத்து பாய். பந்து தானா கைக்கு வரும்."

சிரிப்பு அடங்கியதும் இவர் மெதுவாக: "ஜெயிச்சாத்தான் வருவேன்னா, அது கல்யாணத்துக்குப் பந்தி நேரம் பாத்து வர்ற மாதிரிண்ணே."

மூன்று பேர் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். காலி வேனை ஓட்ட சந்திரன் அண்ணனுக்கு மனமில்லை. அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து யாழி ஓடி வந்தாள்.

"நாங்க வர்றோம் மாமா! கப் வாங்க நானும் அம்மாவும் வர்றோம்!"

சந்திரன் அண்ணன் குனிந்து அவளிடம் கேட்டார்:

"எந்த கப்பு பாப்பா?"

நான் குவளைகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

18 ஜூலை, வெள்ளி

எழுதியாவது விட வேண்டும். எல்லா ஆட்டமும் ஜெயித்ததாக யாழியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

முதல் ஆட்டத்தன்று அவளுக்குக் காய்ச்சல். மறுநாள் காலையில் கண் திறக்காமலே, "ம்மா, ஜெயிச்சோமா?" உடம்பு கொதிக்கிறது. ஆமாம் என்றேன். அடுத்த வாரமும் கேட்டாள், காய்ச்சல் இல்லாமல். அப்போதும் ஆமாம். பிறகு எந்த வாரம் நிறுத்துவது? பாம்புக் கட்ட விளையாட்டில் பாம்பு கடித்தாலே சாப்பிடாமல் அழுகிற பிள்ளை. தாங்க மாட்டாள் என்று நினைத்தேன். கல்லூரியில் குழந்தை உளவியல் ஒரு பருவம் படித்தவள் நான். நல்ல மதிப்பெண் வேறு.

இவர் சொல்லத்தான் செய்தார். "தோத்துட்டோம்னு சொன்னா என்ன ஆயிடும்?" என்ன ஆகும் என்று தெரிந்தால் பயமே இல்லையே.

இதில் பிள்ளையாரையும் சேர்த்தாயிற்று. போன மாதம் கோயிலில் யாழி எல்லாருக்கும் கேட்கும்படி வேண்டிக்கொண்டாள், "கப் வந்தா ஒரு தேங்காய்." இன்று கடையில் ஒவ்வொன்றாகக் காதோரம் குலுக்கி, பெரியதாக ஒன்றை அவளே எடுத்தாள். மறுக்க வாய் வரவில்லை.

சந்திரன் அண்ணன் போன் செய்தார். "வேன் எடுக்கறேன் தங்கச்சி. பாப்பா கேட்டுட்டால்ல. அந்தக் கப்பு சமாச்சாரத்த மட்டும் நீயே பாத்துக்கம்மா."

இருமல் மருந்து மறந்து போனது.

19 ஜூலை, சனி

மழை. இன்று சொல்லிவிடுவது என்று முடிவு. காலையில் சொல்லவில்லை, சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மதியம் தூக்கம். மாலையில் தேங்காய்க்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்திடம் எப்படிச் சொல்வது.

நாளை.

20 ஜூலை, ஞாயிறு

வேனில் யாழி, மடியில் தேங்காய். சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் காசிம் பாய் தின்னக் கறிபாப் நீட்டினார். இல்லை, அவர்மேல் ஏன் பழி. எனக்குத்தான் தைரியமில்லை.

வெயில். திடலில் எங்களையும் சேர்த்து ஒரு கைப்பிடி ஆட்கள். மளமளவென்று நாலு கோல் வாங்கினோம். ஒவ்வொன்றுக்கும் யாழி என்னைத் திரும்பிப் பார்த்தாள். முடியப் போகும் நேரத்தில் நம் பையன் ஒருவன் உதைத்தது யார் காலிலோ பட்டு உள்ளே போனது. ஒன்று! வேன் எடுக்கமாட்டேன் என்ற சந்திரன் அண்ணன்தான் முதலில் குதித்தார், ஒரு காலில் செருப்பில்லாமல். இவர் யாழியைத் தூக்கிச் சுற்றினார். முன்பின் தெரியாத ஒரு மலாய்க்காரப் பெரியவர் என்னோடு கை குலுக்கினார். நானும் கத்தியிருக்கிறேன், தொண்டை இன்னும் வலிக்கிறது.

விசில்.

"ம்மா, கப் எங்க?"

அவள் உயரத்துக்கு உட்கார்ந்து சொன்னேன். "கப் இல்லடா. நாம இந்த வருஷம் ஒரு மேட்ச்சும் ஜெயிக்கல. அம்மா பொய் சொல்லிட்டேன்."

அழுவாள் என்று துண்டை எடுத்து வைத்திருந்தேன். அழவில்லை. என்னைத் தாண்டி அப்பாவிடம் போனாள்.

"தோக்குறப்ப நீங்க அங்கதான் இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"எல்லா வாட்டியும்?"

"எல்லா வாட்டியும்தான்."

"அப்ப என்னய ஏன் கூட்டிட்டுப் போகல?"

இவர் என்னைப் பார்த்தார். திட்டியிருக்கலாம்.

கோல்கீப்பர் பையன் தலை குனிந்தபடி வந்தான். காசிம் பாய் மிச்சமிருந்த கறிபாப்பை நீட்ட, "நாலு வாங்கிட்டேன் பாய்," என்றான். "தெரியும்டா, எண்ணிக்கிட்டுதான் இருந்தேன். சாப்பிடு." யாழி இதையெல்லாம் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பும்போது அப்பா மடியில். தேங்காய் என் மடியில். வீடு வரும்வரை என்னோடு ஒரு பேச்சில்லை. இறங்கும்போது மட்டும்: "இனிமே ஸ்கோரு அப்பாதான் சொல்லணும்."

சரி என்றேன்.

21 ஜூலை, திங்கள்

வெயில். துணி எல்லாம் காய்ந்தது.

தாடிகா பாலர் பள்ளிக்கு அதே ஜெர்சி. வாசலில் டீச்சரிடம் அவளே சொன்னாள்: "நாங்க நாலு ஒண்ணுல தோத்துட்டோம் டீச்சர். ஆனா அந்த ஒண்ணு போட்டப்ப நான் அங்க இருந்தேன்." டீச்சர் சிரித்தார். நான் எங்கேயோ பார்த்தேன்.

மதியம் மீன் கறிக்காக அந்தத் தேங்காயைக் கையில் எடுத்தேன். எங்கிருந்தோ பறந்து வந்தாள். நேற்று வேனிலிருந்து இறங்கிய பிறகு என்னிடம் நேராகப் பேசுவது இதுதான் முதல்.

"அது பிள்ளையாரோடது!"

"கப்தான் வரலையேடா."

"வர்றப்ப குடுக்கணும்ல."

"அடுத்த வருஷம்வரைக்கும் வெச்சா கெட்டுப் போயிரும்டா. அப்பவும் கப் வராமயும் போகலாம்." இந்த முறை உண்மையைத்தான் சொன்னேன்.

தேங்காயை வாங்கி அரிசி டப்பாவின் மேல் நேராக நிற்கவைத்தாள்.

"கெட்டுப் போனா வேற வாங்குங்கம்மா. நீங்கதான் வாங்கணும். அப்பா சின்னதா வாங்கிட்டு வந்துருவாரு."

வாங்க: இருமல் மருந்து. கறிக்குத் தேங்காய், ஒன்று.