ஜாம்பிகளை வெட்டிய கோடாரியைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்:
ஒலி அமைப்பாளர்,
மூன்றாம் மாடி, அச்சகத் தெரு.

பெறுநர்:
துணை ஆணையர் அவர்கள்,
நகரக் காவல் துறை.

பொருள்: காவல் நிலையத்தில் வைக்கப்பட்டுள்ள கோடாரி, வெட்டுக்கத்தி, மண்வெட்டி, இரும்புக் குழாய் ஆகியவற்றைத் திருப்பித் தருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. நானும் என் நாத்தனாரும் கணினி விளையாட்டுகளுக்கு ஓசை அமைத்துத் தருகிறோம். நால்வர் கூட்டுச் சேர்ந்து, ஜாம்பிகள் எனும் நடமாடும் பிணங்களைச் சுட்டு வீழ்த்தும் விளையாட்டு ஒன்று விரைவில் வெளிவரவுள்ளது. குண்டு தீர்ந்துவிட்டால் கையில் கிடைத்ததை எடுத்து வெட்ட வேண்டும். அந்த வெட்டு, எலும்பு முறிவு, ரத்தத் தெறிப்பு அனைத்தும் எங்கள் பொறுப்பு. முட்டைக்கோஸ், தர்பூசணி, நனைத்த துண்டு ஆகியவற்றைத் தவிர வேறெதையும் நாங்கள் வெட்டியதில்லை.

2. நாத்தனார் தொலைபேசி விசாரணைப் பிரிவில் பணியாற்றியவர். தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தபின் குரல் மாறிப்போனது. அழைத்தவர்கள் பயந்து இணைப்பைத் துண்டித்ததால் வேலையை விட்டார். வீட்டுக்கு யார் வந்தாலும் உள்ளறைக்குப் போய்விடுவார். கடையிலும் விரலால் காட்டியே வாங்குவார். ஜாம்பிக்குச் சரியான குரல் அமையாமல் நான் சலித்துப்போயிருந்த ஒரு நாள், "அண்ணி, நான் ஒரு தடவை பண்ணிப் பாக்கட்டுமா?" என்று ஒலிவாங்கி முன் வந்து நின்றார். அவர் உறுமியதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

3. அந்த உறுமலையும் வெட்டுச் சத்தத்தையும் கேட்டுக் கீழ்வீட்டுக்காரர் காவல் நிலையத்துக்குத் தகவல் தந்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன். உதவி ஆய்வாளர் வந்தபோது என் கையில் கோடாரி, முகமெல்லாம் தர்பூசணிச் சாறு. ஆனால், நான் சொல்ல வந்ததைக் காதில் வாங்காமலே இருவரையும் எங்கள் கருவிகளோடு வண்டியில் ஏற்றியது வருத்தத்திற்குரியது.

4. நிலையத்தில், "சத்தத்துக்காக யாராவது கோடாரி வாங்குவாங்களாம்மா? உள்ள முனகுனது யாரு, அதச் சொல்லுங்க" என்று உதவி ஆய்வாளர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் நாத்தனார் எழுந்து, "நான்தான் சார்" என்றார். கேட்டவர் நம்பவில்லை. முன்பின் தெரியாதவர்கள் நிறைந்த அந்த அறையின் நடுவே நின்று, மூச்சை இழுத்து, நாத்தனார் உறுமினார். எழுத்தர் நாற்காலியோடு பின்னால் சாயப் பார்த்தார். லாக்கப்பில் இருந்தவர் கம்பியை விட்டுவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினார். பிறகு ஒரு பெண் காவலர், "அக்கா, இன்னொரு தடவை பண்ணுங்களேன்" என்றார். நிலையமே சிரித்தது. நாத்தனாரும் வாய்விட்டுச் சிரித்தார். அறுவை சிகிச்சைக்குப் பின் அவர் சிரிக்கும் ஓசையை அன்றுதான் கேட்டேன். வழக்குப் பதியாமல் எங்களை அனுப்பிவிட்டார்கள்.

5. விளையாட்டின் முன்னோட்டம் வெளிவந்துவிட்டது. பார்த்தவர்கள் எல்லோரும் அந்தக் குரலைப் பற்றியே பேசுகிறார்கள். எல்லா ஜாம்பிகளுக்கும் நாத்தனாரே குரல் தர வேண்டுமென நிறுவனம் ஒப்பந்தம் செய்துள்ளது. கீழ்வீட்டுக்காரர் இப்போது மாடியேறி வந்து, எலும்பு முறிவது இன்னும் கொஞ்சம் பலமாகக் கேட்கலாம் என்று யோசனை சொல்கிறார்.

6. எங்கள் கருவிகள் மட்டும் திரும்பவில்லை. கேட்கும்போதெல்லாம், "பெரியவங்க கையெழுத்து வேணும்" என்கிறார்கள். இதற்கிடையே எங்கள் மண்வெட்டி நிலையத்துத் தோட்டத்தில் வேலை செய்வதை என் கண்ணாலேயே கண்டேன். புதிய கோடாரி வாங்கிப் பார்த்தோம். துருப்பிடித்த பழையதில் வரும் ஓசை அதில் வரவில்லை. இறுதிக் காட்சியின் வெட்டுகள் இன்னும் பாக்கி.

எனவே, நான்கையும் உடனே திருப்பித் தர ஆணையிடுமாறு வேண்டுகிறேன். கோடாரியைத் துடைக்கவோ தீட்டவோ வேண்டாம்.

இம்மனுவை நாத்தனாரே கொண்டுவருகிறார். "நீங்க வர வேணாம் அண்ணி, நானே பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். அவர் பேசி முடிக்கச் சற்று நேரமாகும். கூர்ந்து கேட்டால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகப் புரியும். தாங்கள் முழுவதும் கேட்க வேண்டும்.

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: அச்சகத் தெரு

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
ஒலி அமைப்பாளர்