பிறேமா அக்கா சுற்றிய வானொலி

மார்ச் 11, 2025, செவ்வாய்

வேலை முடிந்து நேராக ரேஹாவுக்கு, அக்கா இருக்கும் மறுவாழ்வு மருத்துவமனைக்குப் போனேன். பிறேமா அக்கா சக்கர நாற்காலியில் யன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தாள். தலைவாரி விட்டிருந்தார்கள், ஆனால் உச்சி வகிடு தப்பான பக்கத்தில். பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கையும் காலும் அசையவில்லை, ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. வீட்டில் எங்கள் எல்லாரையும் வாயாலேயே ஆண்டவள். இப்போது உச்சியை மாற்றிவிடு என்று சொல்லக்கூட வழியில்லை.

நானே மாற்றிவிட்டேன். கண்ணை மூடித் திறந்தாள். நன்றியா, களைப்பா? தெரியவில்லை.

மார்ச் 13, வியாழன்

டொக்டர் என்னையும் அக்காவின் புருசன் ராசன் அத்தானையும் கூப்பிட்டுக் கதைத்தார். நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. ஈஸ்டருக்குப் பிறகு காப்புறுதி நிறுவனம் முடிவு எடுக்குமாம். அக்காவிடம் ஏதாவது முன்னேற்றம் தெரிந்தால் ரேஹாவை நீட்டிப்பார்களாம். இல்லாவிட்டால் பராமரிப்பு இல்லம்தான். வீட்டுக்குக் கொண்டுபோவது பற்றி அத்தான் கேட்டார். மாடிப்படி, அத்தானின் இரவு வேலை, அவருடைய இடுப்பு நோவு எல்லாவற்றையும் டொக்டர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். வெளியே வந்து அத்தான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"கொறற்றி, நீ அந்த இல்லத்திலைதானே வேலை செய்யிறாய். அந்த இடம் எப்பிடி?"

"நல்ல இடம்தான் அத்தான்," என்றேன்.

நல்ல இடம்தான். நான் அங்கேதான் சமையலறையில் நிற்கிறேன், எனக்குத் தெரியாதா? துப்புரவு, நேரத்துக்குச் சாப்பாடு, பிறந்தநாளுக்குக் கேக். ஆனால் அக்கா அந்த மேசையில், மசித்த உருளைக்கிழங்குக்கு முன்னால், நாள் முழுக்கத் தமிழில் ஒரு சொல்லும் கேளாமல் — ஏலாது. என்னால நினைக்கவே ஏலாது. மாதாவே, உனக்குக் கண்ணில்லையோ? வருசா வருசம் கேவலார் திருத்தலத்துக்கு வந்து உனக்குத்தானே தொண்டை கிழியப் பாடினவள்!

மார்ச் 14, வெள்ளி

வேலையில் சூப்புக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். எல்லாரும் பேசாமல் குடித்தார்கள். அக்காவும் அப்படிக் குடிப்பாளோ என்றுதான் எனக்குப் பயம்.

மார்ச் 18, செவ்வாய்

பயிற்சி கொடுக்கும் பெண், ஃபிறாவ் லிண்ட்னர், என்னை உள்ளே இருந்து பார்க்க விட்டா. மேசையில் ஒரு சின்ன இயந்திரம், சைக்கிள் மிதியடி மாதிரி இரண்டு கைபிடிகள். அக்காவின் இரண்டு கையையும் அதில் பட்டியால் கட்டினார்கள். மோட்டார் சுற்றும், கைகளும் கூடப் போகும். கொஞ்சம் கொஞ்சமாக ஆளே சுற்றத் தொடங்கவேண்டும், அதுதான் பயிற்சி.

அக்கா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நல்ல இடது கையைக் கூட இயந்திரத்திடமே விட்டுவிட்டாள். "அவ விரும்பினால்தான் முடியும். அவவுக்கு என்ன பிடிக்கும்?" என்று ஃபிறாவ் லிண்ட்னர் கேட்டா.

என்ன பிடிக்கும்? அதிகாரம் பிடிக்கும். அதை ஜெர்மனில் எப்படிச் சொல்வது?

மார்ச் 23, ஞாயிறு

ஆறுதலாக, அவசரப்படாமல் எழுதுகிறேன்.

பூசை முடிந்து அக்காவிடம் போனேன். சும்மா இருக்கிறாளே என்று என் போனில் தமிழ் வானொலி போட்டுக் கட்டிலில் வைத்தேன். ஏதோ பழைய நாடகம் போனது. அந்தக் கட்டடத்தில் இணையம் சரியாக வராது. குரல் இழுபட்டது, விக்கியது, நின்றது. போனை யன்னல் பக்கம் கொண்டுபோகலாம் என்று எழும்பினேன். அப்போதுதான் பார்த்தேன். அக்காவின் இடது கை போர்வைக்கு மேல் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மெதுவாக, ஒரே அளவில். கண் போனில் இருந்தது. புருவம் நெரிந்திருந்தது.

குரல் திரும்ப வந்தது. கை நிதானமானது. குரல் இழுபட்டது. கை வேகமெடுத்தது.

யேசுவே! அவள் டைனமோ சுற்றுகிறாள்!

மார்ச் 23, பின்னேரம்

தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது. இதை எழுதாமல் எழும்பமாட்டேன்.

தொண்ணூற்றொன்று. யாழ்ப்பாணத்துக் குருநகர். மின்சாரம் போய்விட்டது. போரால் பற்றரிக்கும் தடை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் விட்டு எரிக்கும் விளக்கில்தான் நான் வாய்ப்பாடு பாடமாக்கினேன். அப்பா தன் சைக்கிளை முற்றத்தில் தலைகீழாக நிறுத்துவார். பின் சில்லில் டைனமோ ஒட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து ஒரு வயர் வானொலிப் பெட்டிக்கு. மிதியடியைக் கையால் சுற்றினால் சில்லு ஓடும், சில்லு ஓடினால் பெட்டி பேசும்.

சுற்றுவது அக்கா மட்டும்தான். எங்களைத் தொட விடமாட்டாள். மெதுவாகச் சுற்றினால் குரல் செத்துவிடும், கண்டபடி சுற்றினால் பெட்டி எரிந்துவிடும். "உங்களுக்கு நிதானம் காணாது, தள்ளி இருங்கோ" என்பாள். அவளுக்கே அப்போது பதினைந்து வயது! முதலில் செய்தி, அது பெரியவர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமையில் அதற்குப் பிறகு நாடகம், அது எங்களுக்கு. ஒழுங்கையில் உள்ள பிள்ளைகள் எல்லாம் பாயில் இருப்போம்.

நான் ஒன்றை முழுக்க நம்பியிருந்தேன். பெட்டிக்குள் இருப்பவர்கள் அக்காவின் கையால்தான் உயிரோடு இருக்கிறார்கள் என்று. அவள் ஒரு கை மாற்றும்போது குரல் தொய்யும். எனக்கு மூச்சு நின்றுவிடும். பிறகு அந்த மனிதர்கள் எழும்பி விட்ட இடத்திலிருந்து கதைப்பார்கள். கோயிலில் பூசை வைக்கும் சாமி நற்கருணையை உயர்த்தும்போது வருகிற அதே பயம், அதே சந்தோசம். பாவமோ தெரியாது, அப்படித்தான் இருந்தது.

சுற்றுகிறவளுக்குத்தான் நாடகம் கேட்காது. டைனமோ கீரென்று காதுக்குப் பக்கத்தில் கத்தும். எல்லாம் முடிந்து, அவள் சாம்பல் போட்டுப் பானை தேய்க்கும்போது நானும் கூடப்பிறந்த ஜெசிந்தனும் பக்கத்தில் குந்தியிருந்து கதை சொல்லவேண்டும். அவன் சொன்னால் கட்டாயம் ஒரு சண்டை வரும், நான் சொன்னால் ஒரு கல்யாணம் வரும். "உண்மையைச் சொல்லுங்கோடா" என்று பானையால் வெருட்டுவாள். ஆனாலும் ஒவ்வொரு வரிக்கும் "பிறகு?" என்பாள். பிறகு? பிறகு?

முப்பத்து நாலு வருடமாக அந்தக் கை இதை எங்கே வைத்திருந்தது?

மார்ச் 24, திங்கள்

ஜெசிந்தனுக்குப் போன் எடுத்தேன். பிராங்பேர்ட் விமான நிலையத்தில் பொதி ஏற்றி முடித்து ரயிலில் நின்றான். நடந்ததைச் சொன்னேன். அழுகிறானோ என்று பார்த்தால் சிரிக்கிறான்.

"எடியே, அப்ப எங்கடை அக்கா உள்ளுக்கை முழுசா இருக்கிறா."

பிறகு சவர்க்காரம் இல்லாமல் பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்ததையும், கொடியில் காய்ந்த அவனுடைய பள்ளிக்கூடச் சட்டையை மணம் பிடித்து மாடு சப்பியதையும், பாதிச் சட்டையோடு அவன் மாட்டுக்குப் பின்னால் ஓடியதையும் கதைத்தோம். ரயிலில் பக்கத்தில் நின்றவர்கள் அவனைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். போனை வைக்கும்போது சொன்னான்: "கொறற்றி, அந்த மிசினிலை ரேடியோவை வைச்சுப் பார். ஆனா சும்மா போடாதை. அவ சுத்தாட்டில் சத்தம் கேக்கக் கூடாது."

மார்ச் 26, புதன்

என் ஜெர்மன் எனக்குத் தெரியும். சூப்புக்கும் பாத்திரத்துக்கும் மட்டும்தான் காணும். போர், பற்றரி, தலைகீழ் சைக்கிள், இதையெல்லாம் எப்படி விளக்குவது? கடைசியில் ஒரு தாளில் சைக்கிளைத் தலைகீழாகக் கீறி ஃபிறாவ் லிண்ட்னரிடம் காட்டினேன். அவ கனநேரம் பார்த்தா. "கையாலா? செய்தி கேட்கவா?" என்றா. ஓம், கையால். அவ எழுந்து மோட்டாரை நிறுத்தினா.

போனில் பழைய வானொலி நாடகம் ஒன்றைப் பதிந்து வைத்திருந்தேன். போட்டேன். அக்கா திரும்பினாள். கொஞ்சம் கேட்க விட்டுவிட்டுச் சத்தத்தைக் குறைத்தேன். அக்கா என்னை முறைத்தாள். அந்த முறைப்பைக் கண்டு எத்தனை நாள்! இன்னும் குறைத்தேன்.

இடது கை கைபிடியை இறுக்கியது. சுற்றினாள். நான் சத்தத்தைக் கூட்டினேன். சுற்றுவதை நிறுத்தினாள். குறைத்தேன். திரும்பச் சுற்றினாள். வலது கை கட்டின பட்டியில் சும்மா இழுபட்டுப் போனது. இருக்கட்டும். முகத்தைத் திருப்பவில்லையே.

ஏப்ரல் 2, புதன்

அதே நாடகம், அதே அளவு. அவளுக்குச் சலிக்கவில்லை. சத்தத்தைக் கூட்டிக் குறைத்து எனக்குப் பெருவிரல் நோகிறது.

ஏப்ரல் 10, வியாழன்

இடது கையை அவிழ்த்துவிட்டு வலது கையை மட்டும் கட்டிப் பார்ப்போம் என்றா ஃபிறாவ் லிண்ட்னர். எனக்கு விருப்பமில்லை. தோற்றால் அக்கா இயந்திரத்தையே விட்டுவிடுவாளே. ஈஸ்டரும் நெருங்கிவிட்டது.

சத்தத்தைக் குறைத்தேன். வலது கை அப்படியே கிடந்தது. நாடகத்தில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள், அவள் குரல் தேய்ந்து இல்லாமல் போனது. அக்கா தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு யாரோ வேலை செய்யாமல் இருப்பதைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. தோள் முதலில் அசைந்தது. பிறகு முழங்கை. கைபிடி ஒரு கால் வட்டம் நகர்ந்தது.

மோட்டார் நின்றிருந்தது. நான் இரண்டு தரம் பார்த்தேன். நின்றேதான் இருந்தது.

நான் சத்தம் கூட்ட மறந்துபோய் நின்றேன். ஃபிறாவ் லிண்ட்னர்தான் என் கையைத் தட்டினா. "குரல்! குரல்!" பாவம், அவவுக்கும் கண் கலங்கியிருந்தது. அந்தப் பெண் அழுகையை விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். பாயில் இருந்தபோது வந்த அதே மூச்சடைப்பு எனக்கு வந்தது. நான் வளர்ந்தேனா இல்லையா?

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

உபவாசம். ஒன்றும் கேட்கவில்லை, நன்றி மட்டும் சொன்னேன். மாதாவிடம் அன்றைக்கு வாய்க்கு வந்தபடி கதைத்ததற்கும் ஒரு சொல் சொல்லிவைத்தேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

ரேஹாவை நீட்டித்துவிட்டார்கள்! அத்தான் போனில் அதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பிறகு திரும்ப எடுத்து, "சொன்னனானோ?" என்று கேட்டார்.

மே 15, வியாழன்

இன்று போனில் சார்ஜ் இல்லை. வெறுங்கையோடு போய்விட்டேன். சரி, வாயால் சொல்வோம் என்று அந்தக் காலத்தில் கேட்ட நாடகம் ஒன்றைத் தொடங்கினேன். கடற்கரை வெளிச்சவீட்டுக் காவல்காரனும் தொலைந்துபோன அவன் மகளும். அக்கா வலது கையால் சுற்ற, நான் சொல்லிக்கொண்டு போனேன். புயல் வந்தது, வள்ளம் கவிழ்ந்தது, மகள் ஒரு மரத்துண்டைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு மேல் எனக்கு மறந்துவிட்டது. யோசித்தேன். வரவில்லை.

"பிறகு?"

ஃபிறாவ் லிண்ட்னருக்குத் தமிழ் தெரியாது. அறையில் வேறு ஒருவரும் இல்லை.

"பிறகு?" அக்காதான். கரகரத்த குரல், பாதிச் சொல் உதட்டில் தேய்ந்தது. ஆனால் பானை தேய்க்கும்போது கேட்ட அதே பொறுமையில்லாத "பிறகு?"

நான் அழுதுகொண்டு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பிறகு மகள் கரை சேர்ந்தாள் அக்கா, பிறகு ஒருத்தன் கண்டான், பிறகு கல்யாணம் நடந்தது. அவள் வாயின் ஒரு பக்கம் கோணியது. நம்பவில்லை. நல்லது!

ஜூன் 27, வெள்ளி

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். அத்தான் கீழ்த்தட்டில் வீடு பிடித்து, வாசலில் சரிவுப் பலகை போட்டிருக்கிறார். சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் வருகின்றன. வந்தவற்றில் பாதி கட்டளை.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

இந்த வருடம் கேவலாருக்குப் போகவில்லை, அக்காவுக்குச் சன நெரிசல் ஏலாது. பதிலாக எல்லாரும் அக்கா வீட்டில். ஜெசிந்தன் பிராங்பேர்ட்டிலிருந்து வந்திருந்தான். அத்தான் இறால் குழம்பு வைத்தார், உப்புக் கூடிவிட்டது. அக்கா ஒரு வாய் வைத்துவிட்டு "உப்பு" என்று சொன்னாள். அத்தான் திட்டு வாங்கிச் சிரித்ததை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

சாப்பிட்ட பிறகு அவளுடைய பயிற்சி. வீட்டுக்கென்று வாங்கிய சின்ன இயந்திரத்தை மேசையில் வைத்தேன். ஜெசிந்தன் வானொலியைப் போட்டான், ஒரு நாடகம் தொடங்கியது. அக்கா கொஞ்சநேரம் சுற்றினாள். பிறகு நிறுத்திவிட்டு, வலது கையாலேயே இயந்திரத்தை என் பக்கம் தள்ளினாள்.

"களைச்சுப்போனியோ அக்கா?"

தலையை ஆட்டினாள். இல்லை. சொற்களைத் தேடினாள், நாங்கள் காத்திருந்தோம்.

"நீ... சுத்து. நான்... கேக்கிறன்."

ஜெசிந்தன் எழும்பிச் சமையலறைக்குள் போய்விட்டான். நான் கைபிடியைப் பிடித்துச் சுற்றத் தொடங்கினேன். அக்கா நாற்காலியில் சாய்ந்து, வானொலியின் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு, வானொலியைப் பார்த்தபடி இருந்தாள். கண்ணைத் துடைக்க ஒரு கையை எடுத்தேன், வேகம் குறைந்தது. உடனே அக்கா சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.