அழாத பிள்ளைகளின் பட்டியல்

முகட்டு நிலையம், செவ்வாய்

நாள் 611 | காலை 08:10

பேட்டரி 91 சதவீதம். உள்ளே வெப்பம் 19 டிகிரி. ஆன்டெனா சரியாக இருக்கிறது. செம்மேடு, ஊசிப்பாறை, பள்ளத்தூர் மூன்றும் வாரப் பட்டியலை அனுப்பிவிட்டன. வடமுனை அனுப்பவில்லை. இது முப்பத்தோராவது வாரம்.

எனக்குப் பிறகு இந்த நாற்காலிக்கு வருகிறவருக்கு: என் பெயர் தில்ஷாத். சொந்த ஊர் காயல்பட்டினம். நோய்ப் புள்ளிவிவரம் படித்தவள். நான்கு ஊர்களின் வானொலியும் எட்டுகிற உயரம் இது ஒன்றுதான் என்பதால் நிலையத்தை இங்கே வைத்தார்கள். இங்கே நான் ஒருத்திதான்.

ஒன்பது வருடங்களுக்கு முன் ஊசிப்பாறையில் நுரையீரல் காய்ச்சலில் பதினேழு பேர் இறந்தார்கள். அதே காய்ச்சலைப் பள்ளத்தூர் ஒரு மாதம் முன்பே பார்த்து, காற்று வடிகட்டியை மாற்றித் தடுத்திருந்தது. அதை யாரும் யாரிடமும் சொல்லவில்லை. அதன் பிறகுதான் ஊர்க்காரர்களே சேர்ந்து நாலூர்க் கூட்டை அமைத்தார்கள். ஒவ்வொரு ஊரும் தன் நோய்களைப் பெயர் போடாமல், எண்ணிக்கையாக மட்டும் இங்கே அனுப்பும். நான் சேர்த்துவைத்துப் பார்ப்பேன். தெரிந்ததை எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் சொல்வேன். எந்த ஊரையும் கட்டாயப்படுத்த எனக்கு அதிகாரம் இல்லை. கேட்கலாம், அவ்வளவுதான்.

வடமுனையைக் கேட்டேன். அங்கே வானொலியில் இருப்பவர் சென்னியப்பன்.

"இங்க எல்லாம்... நல்லாத்தானுங்க இருக்கறோம் அம்மணி. பட்டியல்... அனுப்பறனுங்க. மெதுவா அனுப்பறனுங்க."

கரகரப்பான குரல். ஒவ்வொரு சொல்லுக்கும் காக்க வைக்கிறார். மற்றவர்களுக்குக் குடிக்கப் பனி வெட்டித் தரும் ஊர் என்ற மிதப்பு போல.

நாள் 614 | பிற்பகல் 14:30

பேட்டரி 84. தெற்கே புழுதிப் புயல். இரண்டாவது சுவெட்டர் போட்டிருக்கிறேன்.

ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஊசிப்பாறையில் இந்த வருடம் பிறந்த ஒன்பது குழந்தைகளில் இரண்டு சரியாகப் பால் குடிப்பதில்லை, எந்நேரமும் தூக்கம். பள்ளத்தூரில் ஏழில் ஒன்று அப்படி. செம்மேட்டில் ஒன்றும் இல்லை. பெரியவர்களில் அசதி, மலச்சிக்கல், கழுத்து வீக்கம். அந்த இரண்டு ஊரிலும் இரண்டு பேர், மூன்று பேர். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. சேர்த்து வைத்தால் ஒரு கோடு.

செம்மேட்டு நர்ஸ் பிரிஸ்காவிடம் சொன்னேன். அவள் தூத்துக்குடிக்காரி.

"அக்கா, நான் ஊசிப்பாறைக்குப் போயிருந்தப்ப அதுல ஒரு பிள்ளையத் தூக்கிருக்கேன். அதுக்க அம்மா சிரிச்சுக்கிட்டே சொல்லுதா, நல்ல பிள்ளை, அழவே அழாதுன்னு. எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு."

தைராய்டு. பிறந்த குழந்தைக்கு அது வேலை செய்யாவிட்டால் மூளை வளராது. மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுத்தால் போதும். ஆனால் சீக்கிரம் கொடுக்க வேண்டும். தள்ளிப்போகும் ஒவ்வொரு வாரத்திலும் திரும்பக் கிடைக்காத ஏதோ ஒன்று போகிறது.

நாள் 615 | காலை 10:05

செம்மேடு குடிப்பது தன் சொந்தக் கிணற்றுத் தண்ணீர். மற்ற இரண்டு ஊர்களும் போன வருடத்திலிருந்து பாதிக்குப் பாதி வடமுனைப் பனியைக் கலக்கின்றன. செவ்வாயின் மண்ணில் பெர்குளோரேட் என்ற உப்பு உண்டு. தைராய்டை முடக்குவது அதுதான். வடமுனையில் வடிகட்டி இருக்கிறது. அந்த உப்பை அளக்கும் மீட்டரும் அங்கே மட்டும்தான் இருக்கிறது. அதன் அளவு தானாகவே தினமும் எனக்கு வந்துவிடும். இருநூறு நாள் அளவை விரித்துப் பார்த்தேன். 4.0. 4.0. 4.0. பாதுகாப்பான அளவுதான். ஆனால் ஒரு நாள்கூட 3.9 இல்லை, 4.1 இல்லை.

உயிரோடு இருக்கும் மீட்டர் இப்படி அளக்காது.

வடமுனைப் பனியை நிறுத்திப் பார்க்கும்படி எல்லா ஊருக்கும் சொன்னேன். பள்ளத்தூர்த் தலைவி ரோசம்மாளின் பதில்: "மீட்டர் சரியாத்தானே காட்டுது? பனிய நிறுத்துனா தலைக்கு ஒன்றரை லிட்டர்தான் மிஞ்சும். மூணு பிள்ளைங்கள வச்சு ஊரையே தாகத்துல போடச் சொல்றீங்களா? அதையே முழுசாக் குடிக்கிற வடமுனைக்காரங்க நல்லா இருக்கோம்னு சொல்றாங்களே. அவங்க பட்டியலக் காட்டுங்க, நான் நிறுத்துறேன்."

அவள் கேட்பது நியாயம். அந்த வரிசை மட்டும் என்னிடம் காலியாக இருக்கிறது.

நாள் 619 | பகல் 12:20

பேட்டரி 58. புயல் முகட்டுக்கு வந்துவிட்டது. சூரியத் தகடுகளில் செம்புழுதி. துடைக்கப் போனேன். நான்கு தகடு துடைத்ததும் உட்கார்ந்துவிட்டேன். போன வருடம் இருபதையும் ஒரே மூச்சில் துடைத்தவள்.

சீப்பில் கொத்தாக முடி. கையுறையைக் கழற்றினால் விரல்கள் வெளுத்திருக்கின்றன. காலையில் ஒரு கூட்டலை மூன்று தடவை போட்டேன், மூன்று விடை வந்தது. கிட்டத்தட்ட இரண்டு வருடமாக ஒரு முகத்தைக்கூட நேரில் பார்க்கவில்லை. எல்லாம் தனிமைதான், வேறொன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நிலையத்துக்கு வரும்போதே எல்லாரும் அதைத்தான் எச்சரித்தார்கள். தூக்கம் வரும், மந்தமாக இருக்கும், அழத் தோன்றும்.

நான் குடிப்பது என்ன தண்ணீர்?

தொட்டியில் ஒட்டிய சீட்டைப் பார்த்தேன். வடமுனைப் பனி. கலப்பு இல்லை. பதினோரு மாதமாக, ஆளில்லா வண்டியில் வருவது.

நாள் 619 | பகல் 13:45

மருந்துப் பெட்டியில் தைராய்டுக்கான ரத்தச் சோதனை அட்டை ஒன்றே ஒன்று இருந்தது, மாத்திரை இல்லை. விரலைக் குத்தினேன். இயல்பாக இருந்தால் அளவு நான்கைத் தாண்டக் கூடாது. எனக்குத் தொண்ணூற்றாறு.

அட்டையைப் பார்த்துச் சிரித்தேன். எனக்குப் பைத்தியம் இல்லை. நான் சோம்பேறியும் இல்லை.

பட்டியலில் முகடு என்று ஓர் ஊர் கிடையாது. ஐந்தாவதாக ஒரு வரிசை சேர்த்தேன். மக்கள்தொகை 1. நோயாளிகள் 1. பெயர் போடக் கூடாது என்பது கூட்டின் விதி. போட்டேன். யார் என்று தெரிந்தால்தான் ரோசம்மாள் நம்புவாள்.

நாள் 620 | காலை 09:00

ரோசம்மாள் பேசினாள். "பனிய நிறுத்தியாச்சும்மா. ஊசிப்பாறையும் நிறுத்திட்டாங்க. பிள்ளைங்களுக்கு மாத்திரை செம்மேட்டுலருந்து வந்துருச்சு." பிறகு, "நீங்க இவ்ளோ நாளா அந்தத் தண்ணியத்தான் குடிச்சீங்களா?" என்று கேட்டாள்.

இங்கே வேறு தண்ணீர் இல்லை. அதைச் சொல்லவில்லை.

நாள் 620 | பகல் 15:10

பேட்டரி 41. முன்னறையை மூடிவிட்டு உள்ளறைக்கு வந்துவிட்டேன். சூடாக்கி ஒரு அறைக்குத்தான் தாங்கும். வானொலியில் பேச வேண்டுமானால் முன்னறைக்குப் போக வேண்டும். ஒலிபெருக்கி சுவர் வழியாகக் கேட்கும்.

இந்தக் குறிப்புகளை வாயால்தான் சொல்கிறேன், திரை எழுத்தாக்கும்; போன வருடத்து ஒன்றைக் கேட்டுப் பார்த்தேன். யாரோ ஒரு இளம்பெண் வேகமாகப் பேசுகிறாள். இன்றைய குறிப்பில் கரகரப்பு, சொல்லுக்குச் சொல் இடைவெளி. இந்தக் குரலை வேறு எங்கோ கேட்டிருக்கிறேன்.

சென்னியப்பன்.

முப்பத்திரண்டு வாரத்துக்கு முந்தைய அவருடைய ஒலிப்பதிவைத் தேடி எடுத்தேன். நிமிடத்துக்கு நூற்றிருபது சொல். போன வாரப் பதிவில் ஐம்பத்தைந்து. அந்த மனிதருக்கு மிதப்பு என்று எழுதி வைத்தேன். மேலே இருக்கிறது. அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

முன்னறைக்குப் போய்க் கூப்பிட்டேன். பட்டியலைப் பற்றிக் கேட்கவில்லை. உங்கள் நர்ஸ் எங்கே என்று கேட்டேன்.

"நர்ஸுங்களா... அவங்க தவறிப் போயி எட்டு மாசமாச்சுங்களே. விபத்துங்க. நான் சொல்லலீங்களா? சொன்னதாத்தான்... நெனச்சனுங்க."

மற்றவர்கள்?

"படுத்திருக்கறாங்க அம்மணி. குளுருங்க. இந்த வருசம் ரொம்பக் குளுரு. வேலைக்கு நாலஞ்சு பேருதானுங்க வர்றோம்."

குழந்தைகள்?

இரைச்சலுக்கு நடுவே அவர் வாய்விட்டு எண்ணுவது கேட்டது.

"பன்னெண்டுங்க. தொந்தரவே இல்லீங்க. சத்தமே... இருக்காதுங்க."

அவர் எதையும் மறைக்கவில்லை. அங்கே எண்ணுவதற்கு ஆள் இல்லாமல் போயிருக்கிறது. முப்பத்தோரு வாரம் ஒரு ஊர் மௌனமாக இருந்தது. நான் ஒவ்வொரு வாரமும் 'வரவில்லை' என்று குறித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

நாள் 621 | காலை 08:40

நான்கு ஊருக்கும் சேர்த்துப் புயலில் ஓடக்கூடிய வண்டி ஒன்றுதான், செம்மேட்டில். முகடு கிழக்கே, மூன்று நாள். வடமுனை வடமேற்கே, ஐந்து நாள்.

பிரிஸ்கா: "மொதல்ல உங்க கிட்டதான் வாரேன். நீங்க தனியா இருக்கிய. ஒங்க சூடாக்கி எத்தன நாளைக்குத் தாங்கும்னு எனக்குத் தெரியாதா? ஒடம்பு தானா சூடு உண்டாக்காதுக்கா இந்த நோய்ல. தூங்குனாப்பலயே போயிருவிய."

என்னிடம் வந்துவிட்டு அங்கே போனால் பதினோரு நாள். நேரே போனால் ஐந்து. நடுவில் ஆறு நாள். வடமுனையில் நூற்று நாற்பத்து மூன்று பேர், அதில் பன்னிரண்டு கைக்குழந்தைகள். இங்கே ஒருத்தி, வயது நாற்பத்தொன்று. பட்டியலை அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"இப்பிடிக் கணக்குப் போட்டுப் பேசாதிய அக்கா," என்றாள். அழுதாள்.

நானும்தான். வா என்று சொல்ல வாய் வந்தது. பொத்தானிலிருந்து விரலை எடுத்துக்கொண்டேன்.

வண்டி வடமேற்கே புறப்பட்டது, 09:30.

நாள் 624 | பகல்

பேட்டரி 17. உள்ளே 8 டிகிரி. என் வெப்பம் 34.6. நாடி 44.

சென்னியப்பனை நேற்று வரை தினமும் கூப்பிட்டேன். தண்ணீரை மாற்ற அங்கே வழியில்லை. பேசினால் விழித்திருப்பார். அவருக்கு ஒரு மகள் இருக்கிறாளாம், பூமியில், பவானியில். பெயரை நினைவுபடுத்த முயன்றார். நானும் காத்திருந்தேன். வரவில்லை. பரவாயில்லை என்றேன். பரவாயில்லைங்க என்றார் அவரும்.

இன்று முன்னறைக்குப் போகவில்லை. நாளை.

நாள் 626? | வெளிச்சம் இருக்கிறது

திரையை அணைத்தாயிற்று. பென்சில்.

வண்டி போய்ச் சேர்ந்துவிட்டது. சுவர் வழியாகக் கேட்டேன்.

"அக்கா, வடமுனைக்கு வந்தாச்சு. பன்னெண்டு பிள்ளையளும் உசுரோட இருக்கு. எல்லாத்துக்கும் மருந்து குடுத்துட்டேன். சென்னியப்பன் அண்ணன் கதவத் தொறந்துட்டு அங்கனயே உக்காந்துட்டாரு, இப்ப பரவால்ல. வண்டியத் திருப்பியாச்சு, அங்கதான் வருது. கேக்குதா? ஒரு வார்த்த பேசுங்க."

கேட்கிறது.

இப்போது குளிரவில்லை. அது நல்லதல்ல என்று தெரியும். ஏன் என்று மறந்துவிட்டது.

"அக்கா? தில்ஷாத் அக்கா? பொத்தான மட்டும் அழுத்துங்க. பேசாண்டாம்."

முன்னறைக்கு ஒன்பது அடி. எழுந்தேன். கதவைத் திறந்தேன். பொத்தானை அழுத்தி, கேட்கிறது பிரிஸ்கா என்றேன்.

இல்லை. படுத்துத்தான் இருக்கிறேன். கையில் பென்சில் இருக்கிறது.

அவள் இன்னும் கூப்பிடுகிறாள்.

இதோ, எழுந்துவிட்டேன். கதவு