கதவில் மாட்டிய கல்லூரி

ஆருஸ்டுக், மெய்ன்
அக்டோபர் 20, 2013

அன்புள்ள ஜெரால்டின்,

நலம். உன் நலமும் உன் மகள் நலமும் அறிய ஆவல். ஜூனில் கனெக்டிகட் போய்ச் சேர்ந்ததும் ஓர் அஞ்சலட்டை போட்டாய்; அதில் தேதி இல்லை. அதன்பின் ஒரு வரியும் இல்லை. உன் அண்ணன் உயிரோடு இருந்திருந்தால் இந்த மௌனத்தைப் பற்றி என்ன சொல்லியிருப்பாரோ.

உருளைக்கிழங்கு அறுவடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்துவிட்டது. பிள்ளைகள் நகக்கண்ணில் மண்ணோடு வருகிறார்கள். ‘கல்லூரிக்கும் வேலைக்கும் தயாராதல்’ பாடத்திட்டம் தொடங்கியாயிற்று. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை எல்லோருக்கும் புதனும் வெள்ளியும் முதல் மணி. போர்ட்லண்டிலிருந்து வந்த மிஸ் ஹாஸ்கெல் நடத்துகிறாள். இருபத்தாறு வயது, முதுகலைப் பட்டம், நல்ல உழைப்பாளி. ஊர்தான் தெரியவில்லை. பயிற்சிப் புத்தகத்தில் ‘உன் வேலை அனுபவம்’ என்ற கட்டத்தில் பாதி வகுப்பு ‘இல்லை’ என்று எழுதியிருந்தது. பத்து வயதிலிருந்து அறுவடை இயந்திரத்தின்மேல் நின்று கல் பொறுக்குகிற பிள்ளைகள்! அவளும் அதைச் சரி என்று குறியிட்டிருந்தாள். “ஜெரால்டின் இருந்திருந்தா மொத நாளே அடிச்சுத் திருத்தச் சொல்லியிருப்பா” என்று சமையற்கூடத்து டோரிஸ் என் காதில் விழும்படி சொன்னாள்.

சொல்லட்டும். நான் பள்ளி வாரியத்தின் தலைவி. அந்த வகுப்பை உனக்குக் கொடுப்பதா என்ற வாக்கு இரண்டுக்கு இரண்டு என்று நின்றபோது ஐந்தாவது கை என்னுடையது. கல்லூரிக்குப் போகச் சொல்லும் வகுப்பைக் கல்லூரிக்கே போகாதவர் நடத்தினால் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டேன். இன்றும் அதையே கேட்பேன். பத்தொன்பது வருடம் நூலக உதவியாளராக இருந்து பிள்ளைகளின் விண்ணப்பங்களை நீ நிரப்பிக் கொடுத்ததை யாரும் மறுக்கவில்லை. அதற்காக, நாத்தனார் என்று விதியை வளைக்க முடியுமா? நூலக வேலையையும் உதறிவிட்டு, சொல்லாமல் ஊரைவிட்டுப் போவது எந்த ஊர் மரியாதை?

இப்போது ஒவ்வொரு வகுப்பறைக் கதவிலும் அந்த ஆசிரியர் படித்த கல்லூரியின் பெயரை மாட்டுகிறார்கள். பிள்ளைகள் பார்த்து ஆசைப்பட வேண்டுமாம். நல்ல யோசனை.

பதில் எழுது. தேதி போட்டு எழுது.

அன்புடன்,
உன் அண்ணி
கிளாரினா டேகல்


பிரிஸ்டல், கனெக்டிகட்
நவம்பர் 17, 2013

அன்புள்ள அண்ணிக்கு,

தேதி போட்டிருக்கிறேன், பாருங்கள். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? படிக்கட்டில் பனி உறைவதற்குள் யாரையாவது விட்டு உப்புத் தூவச் சொல்லுங்கள்.

இங்கே நகர நூலகத்தில் வாரம் மூன்று நாள் புத்தகம் அடுக்குகிறேன். மகள் வீட்டில் எனக்கென்று ஓர் அறை உண்டு. சன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்.

டோரிஸ் தொலைபேசியில் பேசினாள். “ஒவ்வொரு கதவுலயும் ஒரு காலேஜு தொங்குதுடி. நான் மட்டும் என்ன எளப்பமா? சமையக்கட்டுக் கதவுல ‘சூப்பு யுனிவர்சிட்டி’ன்னு எழுதி ஒட்டிட்டேன். போர்ட்லண்ட் பொண்ணு விழுந்து விழுந்து சிரிக்குது. ஒங்க அண்ணி மட்டும் கோயில் சிலை மாதிரி நின்னு மொறச்சுட்டுப் போனாங்க” என்றாள். நானும் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள்.

வாரிய அறைக் கதவில் உங்களுக்கும் ஒரு பலகை வரப்போகிறது என்றாள். அதில் என்ன எழுதப்போகிறார்கள் அண்ணி?

எனக்குக் கோபம் வேலை போனதற்காக என்று நினைக்கிறீர்கள். அதற்காக இல்லை. வேறு ஒன்று. அதை எழுத இன்னும் கை வரவில்லை.

உங்கள்
ஜெரால்டின்


ஆருஸ்டுக்
ஜனவரி 12, 2014

அன்புள்ள ஜெரால்டின்,

புத்தாண்டு வாழ்த்து. உப்புத் தூவியாயிற்று.

பலகை வந்துவிட்டது. ‘புனித உர்சுலா கல்லூரி, 1957’ என்று நீல எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நானாகக் கேட்கவில்லை. மிஸ் ஹாஸ்கெல் விவரம் கேட்டாள், கொடுத்தேன்.

பன்னிரண்டாம் வகுப்பு ஜோயெல் தேரியோவை உனக்குத் தெரியும். மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறானே தேரியோ, அவன் மகள். அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகப்போகும் முதல் ஆள். கல்லூரிக்குப் போய் வந்த ஒருவரைப் பேட்டி எடுக்க வேண்டும் என்பது வகுப்பில் கொடுத்த பயிற்சி. என்னிடம் வந்தாள். பதினான்கு கேள்வி. விண்ணப்பத்தை யார் நிரப்பினார்கள், எந்தப் பாடம் கடினம் என்றெல்லாம் கேட்டாள். “ஹாஸ்டல்ல மொத நாள் அழுதீங்களா, மிஸஸ் டேகல்?” என்றாள். இல்லை என்றேன். “அப்ப நானும் அழ மாட்டேன்” என்று எழுதிக்கொண்டாள். கையெழுத்து மோசம். பெண் நல்ல பெண்.

‘வேறு ஒன்று’ என்று எழுதியிருந்தாயே, அது என்ன? எழுதினால் முழுதாக எழுது. பாதி வாக்கியம் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று உனக்குத் தெரியும்.

அன்புடன்,
கிளாரினா அண்ணி


ஆருஸ்டுக்
மார்ச் 16, 2014

அன்புள்ள ஜெரால்டின்,

இந்தக் கடிதத்தை மூன்று முறை கிழித்தேன். இது நான்காவது.

நான் கல்லூரிப் படிப்பை முடிக்கவில்லை. அங்கே பதினோரு வாரம் இருந்தேன். 1953 செப்டம்பரில் போனேன். நவம்பரில் நன்றி நாள் விடுமுறைக்குக் கிளம்பியவள் திரும்பவில்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் வசதியில்லை என்று எதையாவது காரணம் சொல்லலாம். எதுவும் உண்மையில்லை. நம் ஊர்க் கன்னியர் மடத்துப் பள்ளியில் நான் எல்லாவற்றிலும் முதல். அங்கே முதல் மாதமே, வகுப்பில் எழுந்து பிரெஞ்சு வாசிக்கச் சொன்னார்கள். நம் வீட்டில் பேசுகிற பிரெஞ்சிலேயே வாசித்தேன். “இந்த பிரெஞ்ச எங்கம்மா கத்துக்கிட்டே? உருளைக்கிழங்கு வயல்லயா?” என்று கேட்டார் பாடம் எடுத்த கன்னியர். நகரத்துப் பெண்கள் சிரித்தார்கள். அதன்பின் நான் எந்த வகுப்பிலும் வாயைத் திறக்கவில்லை. நடந்தது இவ்வளவுதான்.

என்னை ஊருக்கு அழைத்துவர அப்பாவுக்கு வெட்கம். லூயிஸ்டனில் சித்தி வீட்டுக்கு அனுப்பினார். நாலு வருடம் ஒரு செருப்புத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் கடிதம் தட்டச்சு செய்தேன். ஊர் திரும்பியபோது படிப்பை முடித்து வந்திருக்கிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. 1989இல் வாரியத் தேர்தல் படிவத்தில்தான் முதல் முறையாக அதைக் கையால் எழுதினேன். வாயால் முதல் முறை சொன்னது இந்த ஜனவரியில், அந்த ஜோயெலிடம்.

அவள் தன் பயிற்சித்தாளில் ஒட்ட என் பழைய படம் தேடியிருக்கிறாள். கல்லூரி மூடி வெகுகாலம் ஆகிறது; ஆனால் ஆண்டு மலர்களையெல்லாம் கன்னியர்கள் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறார்களாம். போன மாதம் என் வீட்டுக்கு வந்தாள். காலணியைக் கழற்றிவிட்டு, உட்காராமல் நின்றாள்.

“மிஸஸ் டேகல், நாலு வருஷத்துப் புஸ்தகமும் பாத்துட்டேன். ஒங்க போட்டோ கெடைக்கல. போட்டோ எடுத்த அன்னிக்கெல்லாம் ஒங்களுக்கு ஒடம்பு சரியில்லாம இருந்திருக்கும், இல்ல?”

பொய்யையும் அவளே கட்டிக் கையில் கொடுத்தாள். “ஆமாம்” என்றேன். அவள் காது சிவந்துவிட்டது. எனக்குச் சிவக்கவில்லை.

போன வாரம் பள்ளி நடையில் மிஸ் ஹாஸ்கெல் நிறுத்தினாள். “ஜோயெல் பேட்டி அருமையா எழுதியிருந்தா. ஆனா எந்தக் காலேஜ்ங்கிற கட்டத்த வெறுமனே விட்டுட்டா. கேக்க மறந்துட்டேங்கிறா. அஞ்சு மார்க் கொறைக்க வேண்டியதாப் போச்சு” என்றாள். பேனாவை வாங்கி அந்த ஐந்தையும் நான் அங்கேயே திருப்பிக் கொடுத்திருக்கலாம். “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கவனம் போதாது” என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆம், அப்படித்தான் சொன்னேன்.

உன்னைப் பற்றிய வாக்கெடுப்பில் நீ மூன்றாம் வரிசையில் இருந்தாய். உன் முகத்தைப் பார்க்காமல் கை தூக்கினேன்.

வாரியத்தில் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறேன். துணிவு வரவில்லை. பலகை இன்னும் கதவில்தான் இருக்கிறது.

கிளாரினா


பிரிஸ்டல்
ஏப்ரல் 6, 2014

அன்புள்ள அண்ணிக்கு,

எனக்குத் தெரியும். 1961லிருந்து தெரியும்.

திருமணத்துக்கு முன் நீங்கள் அண்ணனிடம் சொன்னீர்கள். அண்ணன் அம்மாவிடம் சொன்னார். திருமணத்துக்கு முந்தைய சனிக்கிழமை அம்மா எங்கள் ஏழு பேரையும் அடுப்படியில் வரிசையாக நிறுத்தினாள். கையில் ப்ளோய் அப்பம் வார்க்கும் கரண்டி.

“வரப்போற பொண்ணுகிட்ட அவ பாதில விட்ட காலேஜப் பத்தி ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது. கேட்டா அந்தப் புள்ள மொகம் வாடிப்போயிரும். எவனாச்சும் கேட்டீங்க, இந்தக் கரண்டிதான் பதில் சொல்லும்.”

“வீட்டுப்பாடத்துல சந்தேகம் வந்தா கேக்கலாமாம்மா?” என்றான் ரோஜர்.

“கேளு, கேளு. அதுல அவ கெட்டிக்காரி.”

ஐம்பத்திரண்டு வருடம் நாங்கள் ஏழு பேரும் கேட்கவில்லை. நான் பள்ளி முடித்த வருடம் எனக்குக் கல்லூரிக்குப் போக ஆசை இருந்தது. படிவம் எங்கே வாங்குவது, யாருக்கு எழுதுவது, ஒன்றும் தெரியாது. ஊரில் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். இரண்டு முறை உங்கள் வீட்டு வாசல்வரை வந்தேன். கேட்டால் உங்கள் முகம் வாடிவிடும் என்று திரும்பிவிட்டேன். அதனால்தான் நான் படிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் கேட்கவேயில்லை என்பது உண்மை. நூலகத்துக்கு வந்த பிள்ளைகளுக்கு நான் ஏன் விழுந்து விழுந்து படிவம் நிரப்பினேன் என்று இப்போது உங்களுக்குப் புரியலாம்.

அன்று கூட்டத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள் கை இறங்கியிருக்கும். சொல்லவில்லை. நீங்கள் ஒருமுறை என்னைப் பார்ப்பீர்கள் என்று உட்கார்ந்திருந்தேன். பார்த்துவிட்டு எனக்கு எதிராகவே கை தூக்கியிருந்தாலும் போதும். அதுதான் அந்த ‘வேறு ஒன்று’.

எனக்காக எழுந்து எதையும் சொல்ல வேண்டாம். அந்தப் பெண்ணுக்காகச் சொல்லுங்கள். வீட்டைவிட்டுப் போகப்போகிறவள் அவள்.

ஜெரால்டின்


ஆருஸ்டுக்
மே 18, 2014

அன்புள்ள ஜெரால்டின்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் வெளியே போகவில்லை. இத்தனை வருடமும் உங்கள் வீட்டார் என்னை மதித்தார்கள் என்று நினைத்திருந்தேன். ஏழு பிள்ளைகள் சேர்ந்து என்னைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறீர்கள். என் வாசல்வரை வந்து நீ திரும்பிப் போனதை நினைக்கும்போது என்னால் உட்கார முடியவில்லை.

முதலில் ஜோயெல் வீட்டுக்குப் போனேன். லாரியைக் கழுவிக்கொண்டிருந்த அவள் அப்பன் முன்னாலேயே சொன்னேன், என் பதில் பதினான்கும் பொய் என்று. அங்கே முதல் நாள் மட்டுமல்ல, பதினோரு வாரமும் அழுதேன் என்றும் சொன்னேன். “பதினோரு வாரம் தாக்குப்பிடிச்சீங்களே. நான் மூணு நாள்தான் தாங்குவேன்னு கணக்குப் போட்டிருந்தேன்” என்றாள். அவள் அப்பன் தண்ணீர்க் குழாயை மூடவும் மறந்து நின்றான்.

பதின்மூன்றாம் தேதி வாரியக் கூட்டம். எழுந்து சொன்னேன். யாரும் கோபப்படவில்லை, ஜெரால்டின். “பரவால்ல விடுங்க மிஸஸ் டேகல், எந்தக் காலத்துக் கதை” என்றார்கள். குறிப்பேட்டில் ‘தலைவியின் சொந்த விஷயம்’ என்று போடப் பார்த்தார்கள். நான் சொன்ன சொற்களை அப்படியே எழுதச் சொன்னேன். ஜெரால்டின் மிஷோவுக்கு எதிராக நான் போட்ட வாக்கு நேர்மையில்லாதது என்பதையும் எழுதச் சொன்னேன். எழுதி முடித்ததும் பதவி விலகல் கடிதத்தைக் கொடுத்தேன். அந்தக் கட்டத்தை ஜோயெல் எனக்காகத்தான் வெறுமனே விட்டாள் என்று மிஸ் ஹாஸ்கெலிடம் சொல்லி, அந்த ஐந்து மதிப்பெண்ணைத் திருத்தச் சொல்லிவிட்டே வெளியே வந்தேன்.

பிறகு நடந்ததை டோரிஸ் சொன்னாள். மிஸ் ஹாஸ்கெல் எழுந்து, “எனக்குப் பாடம் தெரியும், ஊர் தெரியல. தெரிஞ்ச ஒருத்தர் கூட வேணும்” என்றாளாம். பட்டம் இல்லாவிட்டாலும் பத்து வருட அனுபவம் போதும் என்று விதியை மாற்றினார்கள். மூன்றுக்கு ஒன்று. பள்ளியிலிருந்து உனக்குக் கடிதம் வரும்.

வேண்டாம் என்று எழுதத் தோன்றினால், அது என்னால் என்றால், எழுதாதே. நான் அந்தக் கட்டடத்தில் இருக்க மாட்டேன். நீ வந்தால் தங்க என் வீட்டு மாடியறை காலியாகவே இருக்கிறது. மன்னிப்பைக் கேட்க எனக்கு முறையாகத் தெரியவில்லை. மடத்துப் பள்ளியில் அதையும் சொல்லிக் கொடுத்தார்கள். கடவுளிடம் கேட்கும் முறை மட்டும்.

கிளாரினா


பிரிஸ்டல்
ஜூன் 22, 2014

அன்புள்ள அண்ணிக்கு,

பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. சரி என்று எழுதிப் போட்டுவிட்டேன். அந்த வேலை எனக்குப் பிடித்த வேலை. உங்கள்மேல் உள்ள வருத்தத்துக்காக அதை விட வேண்டியதில்லை.

ஆகஸ்ட் பத்தாம் தேதி பேருந்தில் வருகிறேன். மாடியறையைத் தயார் செய்ய வேண்டாம். டோரிஸ் வீட்டில் தங்குகிறேன். நிலையத்துக்கும் அவளே வருகிறாள்.

ஞாயிறு பூசைக்கு வருவேன். உங்கள் வரிசையில் உட்கார மாட்டேன். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கொஞ்ச நாளைக்கு.

ஜெரால்டின்